“நீ இகோரோட்டா?” என்று கேட்கலாமா, கூடாதா?

3 பிப்ரவரி 2024: கேள்வி

துபாயில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். என் வார்டில் பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருத்தி. நேற்று போனில் ஊர்ப் படம் காட்டினாள். மலை முழுக்கப் படிக்கட்டு மாதிரி வயல்கள். எங்கோ வீடியோவில் கேட்ட ஞாபகத்தில் “நீ இகோரோட்டா?” என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த மணிலாக்காரி சட்டென்று என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஊர்ப் படம் காட்டியவள் சிரித்துவிட்டு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அது கெட்ட வார்த்தையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரவெல்லாம் மனசு ஆறவில்லை.

3 பிப்ரவரி, இரவு

கெட்ட வார்த்தை இல்லை. வடக்கு பிலிப்பைன்ஸ் மலைமக்களைக் குறிக்கும் பெயர். தைரியமாக இருங்கள். நான் 2012 முதல் 2017 வரை அங்குள்ள மலைநகரமான பாகியோவை ஒட்டிய லா திரினிதாதில் இருந்தேன். முதலில் படிப்பு, அப்புறம் வேலை. வீட்டுக்கார அம்மா கன்கனாய் இனம், பெசாவ் என்ற மலையூர்க்காரர். அங்கே அக்கா வயதுப் பெண்ணை ‘மனாங்’ என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். “நான் இகோரோட்” என்று அவர் வாயாலேயே பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாகியோ கடைகளில் அந்தச் சொல்லைப் பெருமையாக அச்சடித்த சட்டைகள் தொங்கும். நாளைக்குப் போய் வழக்கம்போலப் பேசுங்கள்.

4 பிப்ரவரி

நேற்று அவசரத்தில் எழுதினேன். பெயர் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன்.

அந்த மொழிகளில் ‘இ’ என்ற முன்னொட்டு நம்முடைய ‘காரர்’ மாதிரி. இபெசாவ் என்றால் பெசாவ்காரர், இசகாடா என்றால் சகாடாக்காரர். ‘கோலொட்’ என்றால் மலைத்தொடர். இரண்டும் சேர்ந்து இகோலொட், அதாவது மலைக்காரர். பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பானியர்களின் பழைய ஆவணங்களில் ‘ல’கரத்தோடுதான் இருக்கிறது. பிற்பாடு அது ‘ர’கரமாகி இகோரோட் ஆனது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மலையிலேயே பிறந்து மலையிலேயே இருப்பவன் தன்னை ‘மலைக்காரன்’ என்று சொல்லிக்கொள்ள மாட்டான். ஊர்ப் பெயரைத்தான் சொல்வான். கீழே சமவெளியில் நின்று அண்ணாந்து பார்ப்பவன் வைத்த பெயர் இது. லூசோன் தீவின் வடக்கே உள்ள கோர்டில்லெரா மலைகளில் இபலோய், கன்கனாய், பொன்டோக், இஃபுகாவ், கலிங்கா, இஸ்னெக், தின்குயன் என்று பல மக்கள் இருக்கிறார்கள். ஒருவர் மொழி இன்னொருவருக்குப் பெரும்பாலும் புரியாது. சந்தையில் வடக்குச் சமவெளியின் மொழியான இலோகானோ பேசிச் சமாளிப்பார்கள். மனாங்கும் இபலோய்க்காரரான பக்கத்து வீட்டுக்காரரும் வேலிக்கு இரு பக்கமும் நின்று பேசியது இலோகானோவில்தான்.

4 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

ஒருவர் கேட்டார்: கோலொட் இலோகானோச் சொல்லா? இல்லை, மணிலாப் பக்கத்து மொழியான தகலோக்கின் பழைய சொல் என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆக, சமவெளிக்காரர் வைத்த பெயர் என்பது இன்னும் உறுதியாகிறது.

6 பிப்ரவரி

மணிலாக்காரி ஏன் கையை அழுத்தினாள் என்று திரும்பவும் கேட்டிருக்கிறீர்கள். சரி, அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். முதல் பதிலில் அதை விட்டுவிட்டது என் தப்பு.

மனாங் சின்ன வயதில் சமவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தார். முதல் வாரத்திலேயே கூடப்படித்த பெண்கள் அவர் பாவாடையைப் பின்னாலிருந்து தூக்கிப் பார்த்தார்களாம். இகோரோட்டுகளுக்கு வால் உண்டு என்று கீழே ஒரு கதை உலவியது. வால் இருக்கிறதா என்றுதான் தேடியிருக்கிறார்கள். அழுதீர்களா என்று கேட்டேன். “முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை, வாலை விற்றுத்தான் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டினேன் என்று சொன்னேன்” என்றார். சொல்லும்போது அடுப்புக்கு மேலே தொங்கிய எதாக்கிலிருந்து ஒரு துண்டு நறுக்கிக்கொண்டிருந்தார். உப்புப் போட்டுப் புகையில் காயவைத்த பன்றி இறைச்சி அது. அறை முழுக்கக் காரமான, கொஞ்சம் ஊசின மாதிரி ஒரு வாடை. கோழிச் சாற்றில் அதைப் போட்டால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

வால் கதை வெறும் பள்ளிக்கூடக் குறும்பு இல்லை. 1887-இல் மாட்ரிட் நகர ரெதீரோ பூங்காவில் பிலிப்பைன்ஸ் கண்காட்சி என்று நடத்தி, இகோரோட்டுகள் உட்பட மனிதர்களைக் கொண்டுபோய்க் காட்சிக்கு வைத்தார்கள். அப்போது ஐரோப்பாவில் இருந்த பிலிப்பைன்ஸ் தேசிய வீரர் ஹொசே ரிசால் கொதித்துப்போய் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். பிலிப்பைன்ஸில் ஸ்பெயின் ஆட்சி போய் அமெரிக்க ஆட்சி வந்தது. 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் மக்கள். அதில் அதிகக் கூட்டம் சேர்ந்தது ‘இகோரோட் கிராமத்துக்கு’. மலையில் சில சடங்குகளுக்கு மட்டும் நாயை அறுப்பார்கள். கண்காட்சியில் கூட்டம் சேர்க்க அதையே வாடிக்கையாக்கினார்கள். அடுத்த வருடம் ட்ரூமன் ஹன்ட் என்ற அமெரிக்கர் ஒரு குழுவை நியூயார்க்கின் கோனி தீவுக்குக் கூட்டிப்போய்க் காட்டிச் சம்பாதித்து, அவர்களுடைய கூலியையும் சுருட்டினார். 1906-இல் கைதானார்.

சொந்த நாட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பின்னாளில் ஐ.நா. பொதுச்சபைத் தலைவரான கார்லோஸ் ரோமுலோ, இகோரோட்டுகள் பிலிப்பினோக்களே அல்லர் என்று 1943-இல் நூலில் எழுதினார். 2009-இல் பாகியோ மேடை ஒன்றில் ஒரு நகைச்சுவை நடிகை “நான் இகோரோட் இல்லை, மனுஷி” என்று சொல்லி, ஊரே கொந்தளித்து, மன்னிப்புக் கேட்டார். உங்கள் மணிலாத் தோழி இதெல்லாம் கேட்டு வளர்ந்தவள். அந்தச் சொல்லை வசையாகவே கேட்டிருப்பாள். நல்லெண்ணத்தில்தான் அழுத்தியிருப்பாள்.

7 பிப்ரவரி

நேற்று எழுதியபின் தூக்கம் வரவில்லை. பாகியோ போன முதல் மாதம், தாவரவியல் பூங்கா வாசலில் பாரம்பரிய உடையில் சில பாட்டிகள் நின்றுகொண்டிருந்தார்கள். தலையில் இறகு, மணிமாலை. சில பெசோ கொடுத்தால் கூட நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். நானும் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அம்மா அதைக் கூடத்தில் மாட்டிவைத்தார்.

பிறகுதான் செயின்ட் லூயிஸ் கதை தெரிந்தது. அதற்குப் பின் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சங்கடம். மனாங்கிடம் சொன்னேன். அவர் உடன்படவில்லை. “அந்தப் பாட்டி தானாக வந்து நிற்கிறாள், காசு அவள் கைக்கே போகிறது, சாயங்காலம் வீட்டுக்குப் போகிறாள். அவள் பெயரைக் கேட்டாயா? அதைக் கேட்காததற்கு வேண்டுமானால் வருத்தப்படு” என்றார். கேட்கவில்லை. படம் இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது.

10 பிப்ரவரி

கலிங்கா மாகாணம் நம் கலிங்க நாட்டின் பெயரா, சோழர் கப்பல் போன வழியில் வைத்ததா என்று ஒரு நண்பர் ஆர்வமாக எழுதியிருக்கிறார். கலிங்கத்துப்பரணி படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் காது நிமிரும், புரிகிறது. ஆனால் சம்பந்தமில்லை. ககயான் பள்ளத்தாக்கில் இருக்கும் இபனாக், கத்தாங் மக்களின் பேச்சில் ‘கலிங்கா’ என்றால் எதிரி, தலைவேட்டைக்காரன். கீழே இருந்தவர்கள் பயந்து வைத்த பெயரை மேலே இருந்தவர்கள் கடைசியில் தம் பெயராகவே எடுத்துக்கொண்டார்கள்.

நம் மொழியின் தடம் அந்தத் தீவுகளில் இல்லாமல் இல்லை. அவர்களுடைய ‘மங்கா’ நம் மாங்காய்தான், மலாய் வழியாகப் போனது. அதற்கு மேல் இழுத்தால், அந்த மக்களின் கதையை எடுத்துவிட்டு நம் கதையை ஒட்டியதாகிவிடும். ஏற்கெனவே அவர்களுக்கு அதைச் செய்தவர்கள் நிறையப் பேர்.

தலைவேட்டை உண்மையா என்றால், உண்மை. பழிக்குப் பழி என்று ஊருக்கு ஊர் நடந்தது. அதை நிறுத்தி வைக்கக் கலிங்காக்களே கண்ட வழிதான் ‘போதொங்’. இரண்டு ஊர்கள் செய்துகொள்ளும் சமாதான ஒப்பந்தம் அது. ஒவ்வொரு பக்கமும் ஒருவர் பொறுப்பேற்பார். தன் ஊர்க்காரன் தப்புச் செய்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இன்றைக்கும் அது நடப்பில் இருக்கிறது.

11 பிப்ரவரி

“ஸ்பெயினுக்கு 300 வருடம் அடிபணியாதவர்கள்” என்று ஒருவர் உற்சாகமாக எழுதியிருக்கிறார். பாகியோவில் நானும் அப்படித்தான் பேசித் திரிந்தேன். அடிப்படையில் சரிதான். ஆனால் நடந்தது அதைவிடச் சிக்கலானது.

ஸ்பானியர்கள் வந்ததே தங்கத்துக்கு. பாகியோவைச் சுற்றிய பெங்கெட் மலைகளில் மக்கள் காலங்காலமாகத் தங்கம் வெட்டிச் சமவெளிக்குக் கொண்டுவந்து மாடும் உப்பும் துணியும் வாங்கிப் போனார்கள். 1620 முதல் 1624 வரை படைகள் ஏறின. சுரங்கம் வரைக்கும் போய்த் தாது எடுத்துச் சோதித்தார்கள். எதிர்பார்த்த பொன் இல்லை. மலைவாசிகளும் சும்மா விடவில்லை. படை இறங்கிவிட்டது. அப்புறம் 1782-இல் புகையிலை அரசாங்கத்தின் தனியுரிமை ஆனது. மேலே எவனும் அதை மதிக்கவில்லை, விளைத்துக் கள்ளத்தனமாக விற்றார்கள். அதை அடக்கத்தான் கியேர்மோ கால்வே என்ற அதிகாரி 1829 முதல் பத்து வருடம் மலைமேல் படையெடுப்பு நடத்தினார். வீடுகளை எரித்தார். பின்னாலேயே அம்மை நோயும் வந்தது.

நான் ஐந்து வருடம் குடியிருந்த லா திரினிதாத், அந்தக் கால்வே எரித்த பள்ளத்தாக்குதான். அவருடைய மனைவியின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள் என்று சொல்வார்கள். தினமும் அந்த ஊர்ப் பெயர் எழுதிய ஜீப்னி வண்டியில் ஏறினேன், ஸ்ட்ராபெரி வயல் ஓரமாக நடந்தேன். இது தெரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

ஆக, பிற்காலத்தில் ஸ்பெயின் மலைக்குள் ராணுவ நிர்வாகம் வைத்தது, சிலர் வரி கட்டினார்கள், பலர் இன்னும் உள்ளே ஏறிப்போனார்கள். சமவெளியில் வரியும் கட்டாய வேலையும் தாங்காமல் மலைக்கு ஓடிவந்தவர்களும் உண்டு. சகாடாவிலேயே வாழ்ந்து அங்கேயே அடக்கமான வரலாற்றாசிரியர் வில்லியம் ஹென்றி ஸ்காட் அழுத்திச் சொன்னது இதைத்தான்: மலை மக்கள், சமவெளி மக்கள் என்ற பிளவை ஆழமாக்கியது காலனி ஆட்சி. ஞானஸ்நானம் வாங்கி வரி கட்டியவன் ஒரு பக்கம், மாட்டேன் என்றவன் மறுபக்கம்.

18 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் இன்று எழுதியிருப்பதை எல்லோரும் படியுங்கள். என் பேச்சை நம்பி, ஊர்ப் படம் காட்டிய தோழியிடம் போய், “இகோரோட் என்றால் பெருமையான பெயராமே” என்று சொல்லியிருக்கிறார். அவள் பொறுமையாக, “நான் இஃபுகாவ். எங்கள் ஊர் ஹுங்துவான். நாங்கள் எங்களை இகோரோட் என்று சொல்வதில்லை” என்றாளாம்.

முதல் பதிலில் நான் செய்த தவறு இது. படிக்கட்டு வயல் என்று நீங்கள் எழுதியபோதே இஃபுகாவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு கன்கனாய்ப் பெண் வீட்டில் ஐந்து வருடம் சாப்பிட்டதை வைத்து மலை முழுவதற்கும் பேசிவிட்டேன். பெங்கெட்டிலும் மவுண்டன் மாகாணத்திலும் இந்தப் பெயரைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். இஃபுகாவ், கலிங்கா, அபயாவோ பக்கம் பலர் ஏற்பதில்லை. “அது தெற்கே இருப்பவர்கள் பெயர், எங்களுக்கு எங்கள் பெயர் இருக்கிறது” என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 1958-இல் மவுண்டன் மாகாணத்து உறுப்பினர் லூயிஸ் ஹோரா, இகோரோட் என்ற சொல்லே வேண்டாம், ‘ஹைலேண்டர்’ என்று போடுங்கள் என்று நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அவரே மலைக்காரர். தன் மக்கள் வசை கேட்டு வளர்வதைப் பார்த்துத்தான் கொண்டுவந்திருப்பார். மலையிலேயே அதற்கு எதிர்ப்பு. சொல்லில் குற்றமில்லை, சொல்பவன் வாயில்தான் குற்றம் என்பது எதிர்த்தவர்கள் பேச்சு.

எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. ஆனாலும் மனாங் பக்கம்தான் மனசு சாய்கிறது. பாவாடையைத் தூக்கிப் பார்த்த ஊரின் எதிரிலேயே அதே சொல்லைத் தலைநிமிர்ந்து சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

18 பிப்ரவரி, இரவு

விட்டுப்போனது ஒன்று. இவர்கள் எல்லோரும் ‘ஒரே கூட்டம்’ என்ற எண்ணம் எப்போது வந்தது? 1908-இல் அமெரிக்கர்கள் பெங்கெட், பொன்டோக், இஃபுகாவ், கலிங்கா, அபயாவோ முதலியவற்றை ஒரே மவுண்டன் மாகாணமாகக் கட்டினார்கள். பிறகு அந்த ஐந்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து மாணவர்கள் ‘பிபாக்’ என்று சங்கம் வைத்தார்கள். பாகியோ விடுதிகளில்தான் ஒரு கலிங்காப் பையனும் ஒரு இபலோய்ப் பையனும் முதன்முதலில் ஒரே தட்டில் சாப்பிட்டிருப்பார்கள். 1966-இல் அந்த மாகாணம் நான்காகப் பிரிந்தது. 1987-இல் பக்கத்து ஆப்ரா மாகாணத்தையும் சேர்த்து கோர்டில்லெரா நிர்வாகப் பகுதி வந்தது. சுயாட்சி வேண்டுமா என்று 1990-இலும் 1998-இலும் வாக்கெடுப்பு. முதல் தடவை இஃபுகாவ் மட்டும் சரி என்றது, இரண்டாம் தடவை அபயாவோ மட்டும். இகோரோட் என்ற பெயரை ஏற்கத் தயங்கும் அந்த இரண்டு மாகாணங்கள்தான் சேர்ந்த சுயாட்சிக்குக் கை தூக்கின. இதை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

20 பிப்ரவரி

படிக்கட்டு வயல்கள் 2,000 வருடப் பழமையா? பாகியோவில் பார்த்த சுற்றுலாக் கையேடெல்லாம் அப்படித்தான் சொல்லும். நானும் ஊருக்கு வந்தவர்களிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன். தொல்லியல் வேறு மாதிரி சொல்கிறது.

ஸ்டீபன் அகபாடோ என்ற பிலிப்பினோ ஆய்வாளர் இஃபுகாவ் மக்களோடு சேர்ந்து கியாங்கன் பக்கத்துப் பழைய ஊரில் தோண்டினார். அங்கே முன்பு விளைந்தது சேம்பு. நெல் வயல் வந்தது 1650 வாக்கில். அதாவது ஸ்பானியர்கள் ககயான் பள்ளத்தாக்கில் காலூன்றியதற்குப் பிறகு. கீழிருந்து விலகி மேலேறியவர்கள், செங்குத்துச் சரிவில் கல் அடுக்கி, நீர் திருப்பி, சில தலைமுறைக்குள் அத்தனையையும் கட்டியிருக்கிறார்கள்.

கேட்டதும் எனக்கு முதலில் ஏமாற்றம்தான். பழமை குறைந்துவிட்டதே என்று. பிறகு 2015-இல் பத்தாத் என்ற இஃபுகாவ் ஊருக்குப் போனேன். வரப்பு ஒரு பாதம் அகலம். ஒரு பக்கம் முழங்கால் அளவு சேறு, மறுபக்கம் இரண்டு ஆள் உயரக் கல்சுவர். எதிரே ஒரு பெரியவர் தோளில் மூட்டையோடு வந்தார். நான் ஒதுங்கத் தெரியாமல் நின்றேன். அவரே சேற்றில் இறங்கி எனக்கு வழிவிட்டு, மறுபடி வரப்பில் ஏறிப் போனார். அவர் கால் பட்ட இடத்தில் ஒரு கல் லேசாக ஆடியது. நின்று, குனிந்து, மூட்டையை இறக்காமலே அதைத் தட்டி உட்காரவைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். நெருக்கடியில் இருந்த ஒரு மக்கள் அவசரமாகவும் அழகாகவும் கட்டியது இது என்று நினைத்தால் எனக்கு மதிப்பு கூடத்தான் செய்கிறது. பார்க்கும் சுவர் என்றோ கட்டி முடித்தது இல்லை, தினமும் யாரோ தட்டி உட்காரவைப்பது.

யுனெஸ்கோ 1995-இல் ஐந்து தொகுதிகளைப் பட்டியலில் சேர்த்தது. அதில் உங்கள் தோழியின் ஹுங்துவானும் ஒன்று. இளைஞர்கள் வேலை தேடிப் போய் வரப்புகள் இடிந்ததால் 2001 முதல் 2012 வரை ‘ஆபத்தில்’ என்ற பட்டியலில் இருந்தது. தோழி துபாயில் இருப்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

25 பிப்ரவரி

நிலம் பற்றிக் கேட்டவருக்கு: மத்தேயோ கரினியோ. பாகியோவில் மாடு மேய்த்த இபலோய்த் தலைவர். அமெரிக்க அரசு அவருடைய நிலத்தை எடுத்துக்கொண்டது, பட்டா எங்கே என்று கேட்டது. பாட்டன் காலத்திலிருந்து வேலி போட்டு வைத்திருப்பதுதான் பட்டா என்று அவர் வழக்குப் போட்டார். வழக்கு வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. நினைவுக்கு எட்டாத காலம் முதல் ஒருவர் கையில் இருக்கும் நிலம் ஒருபோதும் அரசு நிலமாக இருந்ததில்லை என்றே கொள்ள வேண்டும் என்று 1909-இல் நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். 1997-இல் பிலிப்பைன்ஸ் இயற்றிய பழங்குடி உரிமைச் சட்டத்துக்கு அந்தத் தீர்ப்புதான் வேர். ஆனால் வென்ற குடும்பத்துக்கு அந்த நிலம் திரும்பவில்லை. பாகியோவில் பைன் மரத்தடியில் உட்கார்ந்து நாம் சோளம் தின்னும் இடமெல்லாம் ஒரு காலத்தில் மாட்டுப் பட்டி.

2 மார்ச்

கலிங்காவின் மக்லியிங் துலாக் பற்றியும் எழுதச் சொன்னார்கள். சீக்கோ நதியில் நான்கு அணை கட்ட அப்போதைய அதிபர் மார்க்கோஸின் அரசு திட்டமிட்டது, உலக வங்கிப் பணத்தில். ஊர்களும் வயல்களும் மூதாதையர் சமாதிகளும் மூழ்கியிருக்கும். அளவெடுக்க வந்தவர்களின் கூடாரத்தைப் பெண்களே பிடுங்கி எறிந்தார்கள். சண்டையிட்டுக்கொண்டிருந்த ஊர்கள் போதொங் செய்து ஒன்றாயின. புக்னாய் ஊர்ப் பெரியவர் மக்லியிங்கை 1980 ஏப்ரல் 24 இரவு அவருடைய வீட்டிலேயே ராணுவத்தினர் சுட்டுக் கொன்றார்கள். அணை வரவில்லை. அந்த நாள்தான் இன்று கோர்டில்லெரா தினம். ‘கய்கோரோடன்’, அதாவது இகோரோட் மக்கள் அனைவரும், என்ற சொல் மேடைகளில் ஒலிக்க ஆரம்பித்ததும் அந்தப் போராட்டத்தை ஒட்டித்தான். சமவெளிக்காரன் வைத்த பெயர் ஆற்றைக் காக்கிற பெயராகிவிட்டது.

மனாங் அந்த நாளில் மாலையில் கொஞ்சம் தாபுய் ஊற்றுவார். அரிசிக் கள். முதல் சொட்டைத் தரையில் விட்டுவிட்டுத்தான் எனக்குக் கிண்ணம் வரும்.

9 மார்ச்

தோழி விடுமுறை முடிந்து வந்து ஒரு பொட்டலம் சிவப்பரிசி கொடுத்திருக்கிறாள், எப்படிச் சமைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தேன், சந்தோஷம். அது தினாவோன். ‘தாவோன்’ என்றால் வருடம். வருடத்துக்கு ஒரே போகம், அதனால் அந்தப் பெயர். குக்கரில் வைத்து விசில் விடாதீர்கள், குழைந்துவிடும். ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அடிகனமான பாத்திரத்தில் மூடி, சிறு தீயில் வையுங்கள். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் போதும். இறக்கியபின் பத்து நிமிடம் திறக்காதீர்கள். முதல் தடவை தோழியையும் கூப்பிட்டுச் சாப்பிடுங்கள். எந்த வரப்பில் விளைந்தது என்று கேளுங்கள், சொல்வாள்.